வெராகிரிப்டில் கண்துடைப்பு வால்யூம்: சாட்சிகளின் பெயரைக் காக்க இது போதுமா?

பாலாற்றங்கரை

வணக்கம். நான் ராணிப்பேட்டைப் பக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து, டேனரிகளில் வேலை செய்தவர்களிடமும் இப்போதும் செய்துகொண்டிருப்பவர்களிடமும் பேசிப் பதிவு செய்து வருகிறோம். எந்தக் கிணறு எப்போது கெட்டது, கசடை ராத்திரியில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், டிரம்மைக் கழுவுகிறவர்களின் கை கால் என்ன ஆகிறது, இப்படி. பேசியவர்களில் பலர் இன்றைக்கும் அதே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள். பெயர் வெளியே போனால் மறுநாள் வேலை இருக்காது.

ஒலிப்பதிவு, பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் என் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் கிடக்கிறது. விண்டோஸ் 11, எஸ்எஸ்டி டிஸ்க். சமீபத்தில் எங்களில் ஒருவரை வழியில் மறித்து, போனைத் திறக்கச் சொல்லி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். யார் என்று இங்கே எழுதவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ஒரு நண்பர் கோப்புகளைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் வெராகிரிப்ட் என்ற மென்பொருளைப் போடச் சொல்கிறார். ஒரு பாஸ்வேர்டுக்குச் சாதாரணக் கோப்புகள் திறக்கும், இன்னொன்றுக்கு உண்மையானவை திறக்கும்; மிரட்டினால் முதலாவதைக் கொடுத்துவிடலாம், இரண்டாவது இருப்பதை எவராலும் நிரூபிக்க முடியாது என்கிறார். இது உண்மையா? இத்தனை பேருடைய பிழைப்பை இதை நம்பி வைக்கலாமா?

காட்பாடி ஜங்ஷன்

உண்மைதான் தம்பி, ஆனால் பாதி உண்மை. முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மீதி விவாதம் அதிலிருந்துதான் வரும்.

வெராகிரிப்டில் ஒரு கொள்கலன், அதாவது கோப்புகளை உள்ளே போட்டுப் பூட்டும் ஒரு பெரிய கோப்பு, உருவாக்கினால், உதாரணத்துக்கு 20 ஜிபி, அந்த இடம் முழுவதும் ரேண்டம் பைட்டுகளால் நிரப்பப்படும். முதல் 512 பைட்டுகள்தான் ஹெட்டர், உள்ளே திறக்கும் சாவி இருக்கும் தலைப்பகுதி. அதுவும் என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பெயர் இல்லை, அடையாளம் இல்லை, எல்லாமே இரைச்சல். திறந்தால் ஒரு டிரைவ் மாதிரி தெரிவதை வால்யூம் என்பார்கள். இதில் தெரியும் பகுதியை வெளி வால்யூம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிரட்டினால் காட்டும் கண்துடைப்பு இதுதான். அதன் காலி இடத்தில், கடைசிப் பக்கமாக ஒட்டி, இன்னொரு வால்யூம் உட்காரும், அது உள் வால்யூம். அதன் ஹெட்டர் 65,536-வது பைட்டில் தொடங்கும். உள் வால்யூம் வைக்காதவர்களின் கொள்கலனிலும் அந்த இடத்தில் ரேண்டம் பைட்டுகளே இருக்கும். நீங்கள் பாஸ்வேர்ட் கொடுத்ததும் மென்பொருள் முதல் ஹெட்டரைத் திறந்து பார்க்கும். திறக்கவில்லை என்றால் 65,536-ல் உள்ளதைப் பார்க்கும். அவ்வளவுதான். உள்ளே ஒன்று இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு அந்தக் கோப்பில் எங்குமே கிடையாது.

இந்த யோசனை பழசு. 1998-ல் ராஸ் ஆண்டர்சன், ரோஜர் நீடம், அடி ஷமீர் மூவரும் இப்படி ஒரு கோப்பு முறைமையைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அடுத்த வருஷமே மெக்டொனால்டும் குனும் லினக்ஸுக்கு ஸ்டெக்எஃப்எஸ் செய்தார்கள். 2004-ல் வந்த ட்ரூகிரிப்ட்தான் இதைச் சாதாரண ஆளின் கைக்குக் கொண்டுவந்தது. 2014 மே மாதம் அதைச் செய்தவர்கள் திடீரென்று கைவிட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷமே அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் வெராகிரிப்ட்.

ஆக, கணக்கு சரி. கொள்கலனை மட்டும் எடுத்துவைத்துப் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது.

ஹார்ட்டிஸ்க் வேலூர்

> கொள்கலனை மட்டும் எடுத்துவைத்துப் பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது.

அண்ணே, இந்த "மட்டும்" என்கிற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எவனும் கொள்கலனை மட்டும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. லேப்டாப்பைத்தான் எடுப்பான்.

எனக்கு டேட்டா மீட்பு வேலை. பழைய பேருந்து நிலையம் பக்கம் கடை. போன போட்டோ, அழிந்த கணக்கு, இதுதான் அன்றாடம். அதனால் ஒரு விண்டோஸ் மிஷின் தன் முதலாளியைப் பற்றி எவ்வளவு பேசும் என்று எனக்குத் தெரியும். கேளுங்கள்.

உள் வால்யூமைத் திறந்தீர்கள், எஃப் டிரைவாக வந்தது. அதில் ஒரு ஒலிப்பதிவை இரண்டு முறை தட்டினீர்கள். அந்த நொடியே விண்டோஸ் உங்கள் 'சமீபத்திய கோப்புகள்' ஃபோல்டரில் ஒரு குட்டி ஷார்ட்கட் எழுதிவிடும். அதில் கோப்பின் பெயர் இருக்கும், பாதை இருக்கும், அளவும் தேதியும் இருக்கும். முக்கியமாக, அந்த டிரைவின் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். ஃபார்மட் செய்யும்போது ஒவ்வொரு வால்யூமுக்கும் தனி வரிசை எண் விழும். நீங்கள் பிறகு பயந்துபோய் வெளி வால்யூமைத் திறந்துகாட்டுகிறீர்கள். அதுவும் எஃப் டிரைவ்தான். ஆனால் வரிசை எண் வேறு. ஷார்ட்கட்டில் எழுதியிருக்கும் கோப்பு அங்கே இல்லை. இதைக் கவனிக்க வல்லுநர் வேண்டாம், நானே போதும்.

வி.எல்.சி.யில் கேட்டீர்களா? அதுவும் கடைசியாகப் போட்ட கோப்புகளின் பட்டியலை வைத்திருக்கும். படம் இருந்தால் சிறுபட நினைவகத்தில் பிரதி விழும். வேர்டு தானாகச் சேமிக்கும் நகல் சி டிரைவில் விழும். ப்ரீஃபெட்ச் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு மென்பொருளும் கடைசியாக ஓடிய 8 நேரங்களைக் குறித்துவைக்கும். வெளி வால்யூமில் உள்ள கோப்புகளெல்லாம் இரண்டு வருஷப் பழசு, வெராகிரிப்ட் மட்டும் நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஓடியிருக்கிறது என்றால் என்ன பதில் சொல்வீர்கள்?

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. 2008-லேயே புரூஸ் ஷ்னையரும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து ட்ரூகிரிப்டை இதே மாதிரி சோதித்துக் கட்டுரை போட்டார்கள். பூட்டு உடையவில்லை. விண்டோஸ் விஸ்டாவும் வேர்டும் கூகுள் டெஸ்க்டாப்பும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிட்டன.

விஐடி மாணவி

அண்ணா, அதற்குத்தான் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் டெயில்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறதே? பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பினால் லேப்டாப்பின் டிஸ்க்கில் எதுவும் எழுதாது. அணைக்கும்போது ராமையும் துடைத்துவிடும். வெராகிரிப்டின் உள் வால்யூமையும் திறக்கும். ஷார்ட்கட், ப்ரீஃபெட்ச் பிரச்சினை எல்லாமே போய்விடும்.

ஹார்ட்டிஸ்க் வேலூர்

அது நல்ல வழிதான்மா, ஒத்துக்கொள்கிறேன். உள் வால்யூமை விண்டோஸில் ஒருமுறைகூடத் திறக்காதவருக்கு மட்டும். அவசரத்தில் ஒருநாள் திறந்துவிட்டால் போதும். அப்புறம் அந்த டெயில்ஸ் பென் டிரைவே ஒரு கேள்விதான். பாலாற்றங்கரை தம்பி இருக்கிற இடத்தில் அதைப் பார்த்தால் "இது எதற்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

காட்பாடி ஜங்ஷன்

ஹார்ட்டிஸ்க் சொல்வதை மறுக்கவில்லை. அதோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன். முதலாவது இரண்டு நகல் பிரச்சினை.

இன்றைக்கு உங்கள் கொள்கலனை ஒருவர் நகல் எடுத்துவைத்துக்கொள்கிறார். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டால், வெளி வால்யூமில் 'காலி' என்று நீங்கள் சொல்லும் இடத்தில் பைட்டுகள் மாறியிருக்கின்றன. காலி இடம் எப்படி மாறும்? கதை அங்கேயே முடிந்தது. யார் இரண்டு முறை எடுக்கப்போகிறார் என்று நினைக்காதீர்கள். கொள்கலனை கூகுள் டிரைவில் போட்டுவைத்தால் அதுவே பழைய பதிப்புகளை 30 நாள் வைத்திருக்கும். எதிராளிக்கு வேண்டிய ஒப்பீட்டை நீங்களே தட்டில் வைத்துக் கொடுக்கிறீர்கள். வீட்டில் பேக்கப் டிஸ்க் இருந்தாலும் அதே கதிதான்.

எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் இது இன்னும் மோசம். தேய்மானத்தைப் பரப்புவதற்காக அவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாது. நீங்கள் மாற்றி எழுதியதாக நினைக்கும் பழைய பிளாக் எங்கோ ஒரு மூலையில் அப்படியே கிடக்கும். சிப்பைக் கழற்றிப் படிக்கும் அளவுக்குப் போகிறவனுக்கு அதுவே இரண்டாவது நகல். வெராகிரிப்டின் கையேடே இப்படிப்பட்ட டிஸ்க்குகளில் உள் வால்யூம் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது.

இரண்டாவது, வெளி வால்யூமைப் பராமரிப்பது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வெளி வால்யூமுக்குத் தன் காலி இடத்தில் யாரோ குடியிருப்பது தெரியாது. அதைத் திறந்து ஒரு பெரிய சினிமாவைப் போட்டால், உள் வால்யூமின் மேலேயே எழுதிக்கொண்டு போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் 'உள் வால்யூமைப் பாதுகாக்கவும்' என்ற தேர்வை டிக் செய்து, இரண்டு பாஸ்வேர்டையும் கொடுத்துத் திறக்க வேண்டும். அப்போதும் ஏதாவது உள் பகுதிக்குள் எழுத முயன்றால் மொத்த வால்யூமும் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். வெளி வால்யூமை ஃபேட் முறையில் வைப்பது உத்தமம், முன்பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வரும். விண்டோஸின் இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ் தன் சொந்தக் கணக்கை நடுவிலும் வைக்கும். அதனால் உள் வால்யூமுக்குப் பாதி இடம்கூடக் கிடைக்காது.

இதையெல்லாம் செய்துகொண்டே வெளி வால்யூமை ஒரு வாழ்கிற வீடு மாதிரி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது புதுக் கோப்பு விழ வேண்டும். பூட்டிவைக்கத் தகுந்த கோப்பாகவும் இருக்க வேண்டும். வங்கிப் பாஸ்புக், ஜாதகம், சொத்துப் பத்திரம், மருத்துவ ரிப்போர்ட், நாலு பேருக்குக் காட்டக் கூச்சப்படுகிற விஷயம். தமிழ்ப் பாட்டு முப்பது போட்டு வைத்தால் 20 ஜிபி கொள்கலனுக்கு எவன் பாஸ்வேர்ட் போடுவான்?

விஐடி மாணவி

எங்கள் லேபில் ஷஃபிள்கேக் என்று இதே வகை மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். 2023-ல் வந்தது, லினக்ஸுக்கு மட்டும். அதில் ஒரே டிஸ்க்கில் 15 வால்யூம் வரை அடுக்கலாம். ஒவ்வொன்றும் டிஸ்க் முழுவதும் சிதறிக் கிடக்கும், வெராகிரிப்ட் மாதிரி கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்காது. பெரிய வசதி என்னவென்றால், மேலேயுள்ள வால்யூமின் பாஸ்வேர்ட் கொடுத்தால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் தானே திறந்துகொள்ளும். அன்றாட வேலையில் கண்துடைப்பு வால்யூமும் கூடவே திறந்திருப்பதால் அதைப் புழக்கத்தில் வைப்பது சுலபம்.

ஆனால் காட்பாடி அண்ணா சொன்ன இரண்டு நகல் தாக்குதலை இதுவும் முழுசாகத் தடுக்காது. அதைத் தடுக்க வேண்டுமானால், நிஜமாக எழுதும்போதெல்லாம் சம்பந்தமில்லாத இடங்களிலும் சேர்த்து எழுதிக் குழப்ப வேண்டும். 2014-ல் ஹைவ் என்ற திட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள். டிஸ்க் ஆமை வேகத்துக்குப் போய்விடும். இன்னும் தீராத ஆராய்ச்சிப் பிரச்சினை இது.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. நிறையப் புரிந்தது, நிறையப் பயமாகவும் இருக்கிறது. ஒரு கேள்வி. சட்டப்படி போலீஸ் பாஸ்வேர்ட் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா? இங்கே வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்

பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு நேரில் ஒருவரைப் பாருங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 69. அரசு அதிகாரபூர்வமாக உத்தரவிட்டால், என்கிரிப்ட் செய்த தகவலைத் திறக்க உதவ வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் 2009 விதிகளின்படி அந்த உத்தரவு உள்துறைச் செயலர் மட்டத்தில் வர வேண்டும். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தானாகப் பிறப்பிக்க முடியாது. வழியில் மறிக்கும் தனியாருக்கோ எந்த அதிகாரமும் இல்லை.

இன்னொரு பக்கம் அரசியலமைப்பின் 20(3). குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. பாஸ்வேர்ட் சொல்வது சாட்சி சொல்வதா, கைரேகை கொடுப்பது போலவா? 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது சாட்சியம் ஆகாது என்ற பக்கம் போனது. 2022-ல் டெல்லியில் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் முடித்துவைக்கும் வரை இது இழுபறிதான். அதுவும் 20(3) குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான். பாலாற்றங்கரை வெறும் சாட்சியாக அழைக்கப்பட்டால் நிலைமையே வேறு.

நான் அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான். வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. "பாஸ்வேர்ட் தர மாட்டேன், என் வக்கீலிடம் பேசுங்கள்" என்று சொன்னால் அதைச் சட்டத்தின் முன் வாதாட எனக்கு இடம் இருக்கிறது. உள் வால்யூம் வைத்திருப்பவர் அப்படிச் செய்ய மாட்டார். அவர் ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு "இவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை" என்பார். அந்தக் கண்துடைப்பே அந்த வார்த்தைக்காகத்தானே? பிறகு மேலே சொன்ன ஷார்ட்கட்டோ வரிசை எண்ணோ வெளியே வந்தால், அதுவரை எந்தத் தப்பும் செய்யாத ஆள் விசாரணை அதிகாரியிடம் பொய் சொன்னவராக நிற்பார். அப்புறம் அவருடைய ஒலிப்பதிவுகளை எந்த நீதிபதி நம்புவார்? நீங்கள் சேர்ப்பது ஒருநாள் கோர்ட்டில் நிற்க வேண்டிய சாட்சியம். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டமாகச் சொன்னது. அந்த ஊர்க்காரர்கள் நாம். ஆவணம் சுத்தமாக இருக்க வேண்டும்.

காட்பாடி ஜங்ஷன்

வக்கீல் சார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள் வால்யூமே தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். சர்வாதிகார நாட்டின் எல்லையைக் கடக்கும் நிருபர் இருக்கிறார். அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமை கிடையாது. பிரிட்டனிலேயே 2007 முதல், கேட்ட சாவியைக் கொடுக்காததே தனிக் குற்றம், 2 வருஷம், தேச பாதுகாப்பு வழக்கென்றால் 5 வருஷம். அப்படிப்பட்ட இடத்தில் 'தர மாட்டேன்' என்ற ஆள் உள்ளே போகிறார், 'இந்தாருங்கள்' என்ற ஆள் வெளியே வருகிறார். இதே மாதிரி ஒளித்துவைக்கும் ரப்பர்ஹோஸ் என்ற மென்பொருளை ஜூலியன் அசாஞ்சும் கூட்டாளிகளும் 1997-ல் தொடங்கியதே மனித உரிமைப் பணியாளர்களுக்காகத்தான்.

கவுண்டன்யா

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களோடு வேலை செய்கிறேன். கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்த இழையில் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது.

நீங்கள் எல்லோரும் நிரூபிக்க முடியுமா முடியாதா என்றே பேசுகிறீர்கள். எதிரில் நிற்பவனுக்கு நிரூபணம் எதற்கு? நான் பார்க்கும் வீடுகளில் கணவன் போனை நீட்டித் திற என்கிறான். அவள் திறக்கிறாள். ஒன்றும் இல்லை. அவன் நம்புகிறானா? "எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய்?" என்று அடிக்கிறான். இல்லாததை இல்லை என்று அவளால் எப்படிக் காட்ட முடியும்? காட்பாடி அண்ணன் ரப்பர்ஹோஸ் என்றதும் தேடிப் படித்தேன். அவர்கள் சொல்லும் நியாயம் இதுதான். எத்தனை சாவி கொடுத்தாலும் இன்னொன்று இல்லை என்று நிரூபிக்க முடியாது, ஆகவே கொடுக்கத் தொடங்குவதிலேயே லாபம் இல்லை, பிடிபட்டவர் உறுதியாக நிற்பார் என்கிறார்கள். எனக்கு இதைப் படித்ததும் நெஞ்சு பதறியது. அதே காரணத்தால் அடிக்கிறவனும் நிறுத்த மாட்டானே! எல்லாவற்றையும் கொடுத்தவளும், ஒன்றை மறைத்தவளும், அவன் கண்ணுக்கு ஒன்றுதான்.

பாலாற்றங்கரை தம்பி, உங்களை மறித்தவர்கள் எந்த ரகம்? கோர்ட்டுக்குப் போகிறவர்களா, இல்லை வெராகிரிப்ட் என்ற பெயரைப் பார்த்ததுமே கை ஓங்குகிறவர்களா? இரண்டாவது ரகம் என்றால், உங்கள் கையில் எதுவுமே இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

காட்பாடி ஜங்ஷன்

அக்கா சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. இதை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஆதாரம் இல்லை என்றால் விட்டுவிட வேண்டிய கட்டாயம் உள்ள எதிராளி முன்னால்தான் உள் வால்யூம் வேலை செய்யும். அந்தக் கட்டாயம் இல்லாதவன் முன்னால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். உள் வால்யூமே வைக்காத ஆளும் அப்போது மாட்டிக்கொள்வார், ஏனென்றால் வெராகிரிப்டுக்கு அந்த வசதி உண்டு என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும்.

பாலாற்றங்கரை

கவுண்டன்யா அக்கா, இரண்டாவது ரகம்தான். சட்டம் பேசுகிற ஆட்கள் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? பதிவுகளை அழிக்க மனம் வரவில்லை. பேசியவர்களில் ஒரு பெரியவர் இப்போது உயிரோடு இல்லை.

ஹார்ட்டிஸ்க் வேலூர்

அழிக்க வேண்டாம் தம்பி. பிரித்துவை. பெயரும் குரலும் ஒரே இடத்தில் இருப்பதுதான் இங்கே ஆபத்து, பூட்டு இல்லாதது இரண்டாவது விஷயம்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் கொடு. கோப்பின் பெயரில் ஆள் பெயரோ ஊரோ தேதியோ இருக்கக் கூடாது. போனில் பதிவு செய்திருந்தால் கோப்புக்குள்ளேயே தேதியும் போன் மாடலும், சில போன்களில் இடமும் எழுதியிருக்கும். பதிவின் தொடக்கத்தில் "உங்க பேரு, ஊரு சொல்லுங்க" என்று கேட்டிருப்பாய், எல்லோரும் கேட்பதுதான். கோர்ட்டுக்கான மூலப் பதிவைத் தொடாமல் நகலில் அதை வெட்டு. அன்றாடம் கையில் வைத்துக்கொள்வது வெட்டிய நகல் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலும் மூலப் பதிவும் உன் லேப்டாப்பில், உன் வீட்டில், உன் போனில் எங்கேயும் இருக்கக் கூடாது. உன்னைப் பிடித்து உலுக்கினால் நீ கொடுக்க உன்னிடம் அது இருக்கக் கூடாது.

அப்புறம் அந்த எஸ்எஸ்டி. ஏற்கெனவே திறந்த நிலையில் எழுதிய கோப்புகளை டெலிட் செய்தால் முழுசாகப் போய்விட்டது என்று நம்பாதே. தேவையானதை வெளியே எடுத்தபிறகு, டிஸ்க் தயாரிப்பாளரின் கருவியால் முழுதாகத் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, முதல் நாளிலிருந்தே டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய். இன்றைக்கு விற்கும் லேப்டாப் பலவற்றில் அது தானாகவே வருகிறது. அதனால் அதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மீட்பு சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் கெட்டியாக வை. இரவில் மூடிவைக்காமல் அணைத்துவிடு. ஹைபர்நேட்டில் போனால் ராமில் இருப்பது டிஸ்க்கில் எழுதப்படும்.

சத்துவாச்சாரி வக்கீல்

மூலப் பதிவைத் தொடக்கூடாது என்று ஹார்ட்டிஸ்க் சொன்னது ரொம்பச் சரி. 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண் அது, கோப்பு மாறினால் அதுவும் மாறும். இன்றைக்கே ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் ஷா-256 என்ற வகை ஹேஷ் எடுத்து ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு வையுங்கள். வெறும் எண்கள்தான், அதைப் பார்த்து யார் பெயரும் தெரியாது.

பட்டியலை உங்கள் வக்கீலிடம் கொடுப்பதாக இருந்தால் முறையாக வக்காலத்து, ஆலோசனை என்ற உறவை ஏற்படுத்திக்கொண்டு கொடுங்கள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதைப் பாதுகாக்கும், அதே சாட்சியச் சட்டத்தின் 132-வது பிரிவு அந்த உறவுக்குத்தான். முன்பே இருந்த ஒரு ஆவணத்தை வக்கீல் கையில் திணித்துவிட்டால் அது தானாகப் பாதுகாப்பு பெற்றுவிடாது, அதையும் மனதில் வையுங்கள். போலீஸ் உண்மையிலேயே தேட வந்தால், தேடுதலையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

விஐடி மாணவி

எல்லோரும் சொல்வது புரிகிறது, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலை வைத்திருக்கும் அந்த ஒருவரிடம் வந்தால்? அவரையும் உலுக்கலாமே. யாரிடமாவது அது இருந்துதான் ஆக வேண்டும். அந்த ஒருவருக்குக் கண்துடைப்பு வால்யூம் உதவாதா?

கவுண்டன்யா

யாரிடமாவது இருந்துதான் ஆக வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும்மா. எங்கள் வேலையில் பெண்களின் உண்மைப் பெயர் பல இடங்களில் தேவைப்படுவதே இல்லை. தேவைப்பட்டால் அவளே வந்து சொல்வாள், சொல்வதற்கான தைரியத்தை நாங்கள் கூட இருந்து கொடுக்கிறோம். கோர்ட் வரை போகச் சம்மதிக்கிற தொழிலாளர்கள் யார் என்று தம்பி இப்போதே கேட்டுப் பார்க்கட்டும். சம்மதித்தவர்களின் பெயர் வக்கீலிடம் போகட்டும். சம்மதிக்காதவர்களின் பெயர் எங்கேயும் வேண்டாம்.

விஐடி மாணவி

சரி அக்கா. அதைவிட நல்ல பூட்டு எனக்குத் தெரியவில்லை.

பாலாற்றங்கரை

இரண்டு நாளாக எங்கள் குழுவில் இதைத்தான் பேசினோம். உள் வால்யூம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சம்மதம் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். சம்மதிக்காதவர்களின் பெயரையும் நம்பரையும் எடுத்துவிடுவோம். அவர்களுடைய பதிவை வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அவர்களே சொல்லட்டும். மூலப் பதிவுகள் சாதாரண வெராகிரிப்ட் கொள்கலனில், வெளியூரில் ஒருவரிடம்.

கடைசியாக ஒரு சந்தேகம், காட்பாடி அண்ணா. ஹெட்டர் கெட்டுப்போனால் எல்லாம் போய்விடும் என்கிறார்களே, அதற்கு பேக்கப் எடுத்துவைக்கலாமா? அப்புறம், பழைய பாஸ்வேர்ட் எங்கள் குழுவில் இல்லாத ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. மாற்றினால் போதுமா?

காட்பாடி ஜங்ஷன்

ஹெட்டரின் ஒரு நகல் கொள்கலனின் கடைசியிலேயே இருக்கும். கொள்கலனே பாதி அழிந்தால் என்ன செய்வது என்பதற்காகத் தனியாகவும் ஒன்று எடுத்துவை. வால்யூம் ஹெட்டரை பேக்கப் எடுக்கும் தேர்வு மெனுவிலேயே இருக்கிறது. அப்போது உள் வால்யூம் இருக்கிறதா என்று கேட்கும், இல்லை என்று சொல். அந்த இடத்தை ரேண்டம் பைட்டுகளால் நிரப்பிக் கொடுக்கும்.

பாஸ்வேர்ட் மாற்றினால் போதாது. பாஸ்வேர்ட் திறப்பது ஹெட்டரை மட்டும்தான். கோப்புகளைப் பூட்டியிருக்கும் உண்மையான சாவி ஹெட்டருக்குள் இருக்கிறது, பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தச் சாவி மாறாது. பழைய ஹெட்டரின் நகல் ஒன்று அந்த ஆளிடம் இருந்தால், பழைய பாஸ்வேர்டை வைத்தே புதுக் கோப்புகளையும் திறந்துவிடலாம். புதுக் கொள்கலன் ஒன்று உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, ஷா-256 ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டு, பழைய கொள்கலனையும் அதன் ஹெட்டர் பேக்கப்பையும் அழித்துவிடு. புதுசை பென் டிரைவில் வைக்காதே, சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கில் வை.